பாரே

புன்டா அரேனாஸ் ஊரில்
வசந்தம் என்பது காற்றுக்கு இன்னொரு பெயர்.
தெருமுனைகளில் கயிறு கட்டிவைத்திருப்பார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.

பள்ளி வாசலில் எதெல்மீரா
பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுகிறவள்.
கையில் நீளக் காம்பு, மேலே சிவப்புப் பலகை,
அதில் நாலே எழுத்து: பாரே.
அவர்கள் மொழியில் 'நில்' என்று பொருள்.
நம் காதில் வேறு மாதிரி விழும்.
லாரி வரும் நேரத்தில் எது ஆனாலும் சரி.

அக்டோபர் மூன்றாம் வாரம்
பலகை அவளைப் பாய்மரமாக்கி
நாலெட்டு இழுத்துப்போய்
ரொட்டிக்கடைக் கதவில் சேர்த்தது.
சிரித்தாள். மணிக்கட்டில் கட்டு.

நாலாம் வகுப்பின் செய்கூடத்தில்
அந்த மாதத்து வேலை
கரும்பலகையில் ஒற்றை வரியாக இருந்தது:
யாருக்காவது ஒன்று செய்.
டீச்சர் பசைத் துப்பாக்கிக்கு
ஃபியூஸ் தேடிக்கொண்டிருந்தார்.
யாஸ்னா நோட்டை எடுத்துக்கொண்டு
வாசலுக்குப் போனாள்.

பலகை கனமா?
பலகை கனமில்லை பெண்ணே, காற்றுதான் கனம்.
அதை அப்படியே எழுதி
இரண்டு கோடு போட்டாள் அடியில்.

முதல் பலகை: தடித்த மரம், அடியில் செங்கல்.
காற்று அசைக்கவில்லை.
எதெல்மீராவாலும் முடியவில்லை.

இரண்டாவது, சாப்பாட்டுத் தட்டளவு.
பௌதிஸ்டா நாற்காலியை லாரியாக ஓட்டிவந்து
நிற்காமல் போனான்.
'தெரியலை' என்றான் சத்தியமாக.

மூன்றாவதில் துளைக்கருவி கிடைத்த குஷி.
முறுக்கு அச்சு மாதிரி உடம்பெல்லாம் கண்.
காற்று போயிற்று,
கூடவே எழுத்தும் போயிற்று.

மீன்பெட்டி மூடியை இத்தனை நேரம்
உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த லிக்காராயேன்
தலை நிமிராமல் சொன்னாள்:
ஓட்டையையே எழுத்தாக்கிவிடலாமே.

கம்பிரம்பம் வந்தது.
காலபாத்தே ஜாம் பாட்டிலிலிருந்து
திருகாணிகள் கொட்டப்பட்டன.
மூன்று நாள்.
முதல் எழுத்தை அறுத்து முடித்ததும்
அதன் வயிறு தனியே கழன்று
டொக்கென்று தரையில் விழுந்தது.
அடுத்ததன் முக்கோணம். மூன்றாவதன் வயிறு.
கடைசி எழுத்துக்கு மூடிய இடமே கிடையாது,
அது மட்டும் தப்பியது.

பசை போட்டார்கள், நூலால் கட்டினார்கள்.
விசிறி முன் பிடித்தால்
பௌதிஸ்டாவின் காதருகே பறந்தது முக்கோணம்.
ஒருநாள் முழுக்கச் சண்டை.
யார் யோசனை, யார் கெடுத்தது,
ரம்பத்தை ஏன் உன் பையில் வைத்தாய்.

மறுநாள் புது மூடி.
இந்த முறை பென்சிலால்
வெட்டக் கூடாத இடங்களை முதலில் வரைந்தார்கள்:
ஒவ்வொரு வயிற்றுக்கும் விரலகலத்தில் இரண்டு பாலம்.
லிக்காராயேன் அறுத்தாள்,
யாஸ்னா 'அங்கே வேண்டாம், அங்கே வேண்டாம்' என்று
மூச்சுக்கு மூச்சு சொன்னாள்.
ஒன்றும் விழவில்லை.

வியாழக்கிழமை காலை, வாசல்.
பௌதிஸ்டா எதிர்ப்புறத்திலிருந்து படித்தான்.
மேகம் பின்னால் இருந்தபோது
சொல் சாம்பல் நிறம்,
பள்ளிப் பேருந்து திரும்பியபோது மஞ்சள்.
எதெல்மீரா கட்டில்லாத கையால் தூக்கினாள்.
பாய் விரியவில்லை. பாதம் நகரவில்லை.
விளையாட்டுக்கு முகத்துக்கு நேரே பிடித்தாள்,
மூன்றாம் எழுத்தின் கால் இடுக்கு வழியே
தூரத்தில் ஒரு மீன் லாரி.
'அட' என்றாள்,
'இத்தனை வருஷம் இதற்குப் பின்னால்
குருடாய் நின்றிருக்கிறேன்.'

அப்புறம்தான் காற்று வலுத்தது.
பலகை ஊளையிட ஆரம்பித்தது,
கெண்டியில் தண்ணீர் கொதிப்பது போல
முதலில் மெல்ல, பிறகு வெட்கமில்லாமல்.
தெருநாய்கள் மூன்று ஓடிவந்து
நடைகோட்டின் ஓரம் உட்கார்ந்துகொண்டன.

யாஸ்னாவின் நோட்டில் கடைசிப் பக்கம்:
பலகை நாலு. காற்று: போகிறது. எழுத்து: தெரிகிறது.
குறை: சத்தம்.
'குறை'யை யாரோ அடித்திருக்கிறார்கள்,
வேறொரு கையெழுத்து திரும்ப எழுதியிருக்கிறது,
பக்கத்தில் பெரிய கேள்விக்குறி,
அதன் புள்ளி மட்டும்
தாளைக் கிழித்து ஓட்டையாகியிருக்கிறது.